பிறப்பால் வந்ததும் வாழ்வால் வந்ததும்

ஒரு குடும்பத்தில் ஒருவருக்கு நோய் வந்துவிட்டால், பார்க்க வருபவர்கள் பெரும்பாலும் இரண்டு வார்த்தைகளில் ஒன்றைச் சொல்லிவிட்டுப் போவார்கள். “எல்லாம் தலைவிதி, எழுதினதை ஆரால் அழிக்க முடியும்?” என்பது ஒன்று. “வாயைக் கட்டியிருந்தால் வந்திருக்குமோ? தானே தேடிக்கொண்ட வினை” என்பது மற்றது. முதல் வார்த்தை நோயாளியின் கையிலிருந்து எல்லாவற்றையும் பறித்துவிடுகின்றது. இரண்டாவது வார்த்தை எல்லாவற்றையும் அவர் தலையிலேயே ஏற்றிவிடுகின்றது. இவ்விரண்டில் எது சரி? விதியா, மதியா? பிறப்பா, வாழ்வா? பண்டு தொட்டு மனித குலத்தை வாட்டி வரும் வினா இதுவாகும்.

அறத்துப்பாலின் நிறைவில் ‘ஊழ்’ என்னும் அதிகாரத்தை வைத்த திருவள்ளுவர், பொருட்பாலில் ‘ஆள்வினையுடைமை’ என்னும் அதிகாரத்தையும் வைத்தார். ஒன்றின் பொருட்டு மற்றொன்றை அவர் விலக்கவில்லை. சைவ சித்தாந்தமும் வினையைச் சஞ்சிதம், பிராரத்தம், ஆகாமியம் என மூன்றாக வகுத்துக் காட்டுகின்றது. சேர்ந்து கிடப்பதும் உண்டு. இப்பிறவியில் அனுபவிக்க வந்ததும் உண்டு. இனிப் புதிதாகச் செய்து ஈட்டுவதும் உண்டு. ஆக, வந்ததை ஏற்றலும் வருவதற்காக முயலுதலும் ஒருங்கே கூறப்பட்டுள்ளமை நோக்கற்பாலது.

இன்றைய உயிரியலும் இதே வினாவை உடம்பு என்னும் எல்லைக்குள் நின்று கேட்கின்றது. பரம்பரையலகுதான் வினை என்றோ, விஞ்ஞானம் சித்தாந்தத்தை நிரூபித்துவிட்டது என்றோ கொள்ளுதல் பொருந்தாது. வினை உயிரைப் பற்றிய கணக்கு. பரம்பரையலகு உடம்பைப் பற்றிய கணக்கு. ஆயினும் உடம்பின் கணக்கை விளங்கிக் கொள்வோர், நோயுற்றவர் ஒருவர்மீது தீர்ப்புச் சொல்வதற்கு முன் சற்றுத் தயங்குவர். அந்தத் தயக்கம் ஓர் அறமாகும்.

மனித உடம்பின் ஒவ்வொரு கலத்துள்ளும் ஏறக்குறைய 20,000 பரம்பரையலகுகள் உள்ளன. பாதி தாயிடமிருந்தும் பாதி தந்தையிடமிருந்தும் வருவன. உடம்பு எந்தப் புரதத்தை எப்படி ஆக்க வேண்டும் என்னும் குறிப்புகள் இவை. மனிதனின் முழுப் பரம்பரைத் தொகுதியையும் வாசிக்கும் பன்னாட்டுத் திட்டம் 2003ஆம் ஆண்டில் நிறைவேறியபோது, இனி ஒருவனின் நோய், ஆயுள், அறிவு எல்லாவற்றையும் ஏடு படிப்பதுபோல் படித்துவிடலாம் எனப் பலர் எண்ணினர். அவ்வாறு நடக்கவில்லை. வீணையில் எல்லாத் தந்திகளும் இருந்தாலும் மீட்டப்படும் தந்தியே ஒலிக்கும். உணவு, உழைப்பு, கவலை, கிருமி, தாயின் கருவறை ஆகிய பல கைகள் அந்தத் தந்திகளை மீட்டுகின்றன.

பிறப்பின் பங்கு எவ்வளவு, வாழ்வின் பங்கு எவ்வளவு எனப் பிரித்தறிய ஆய்வாளர் நாடிய வழி இரட்டைப் பிள்ளைகளாகும். ஒரே கரு இரண்டாகப் பிரிந்து பிறந்த இரட்டையருக்குப் பரம்பரையலகுகள் ஏறத்தாழ முழுவதும் ஒன்றே. இரு வேறு கருக்களாக உருவாகிச் சேர்ந்து பிறந்தவர்கள் சாதாரண உடன்பிறப்புகளைப் போலச் சராசரியாகப் பாதியையே பகிர்ந்துகொள்வர். இரு வகையினரும் ஒரே வீட்டில், ஒரே அடுப்பில் சமைத்ததை உண்டு வளர்பவர்கள். ஆகவே ஒரு நோய் முதல் வகையினரில் இருவரையும் சேர்ந்தே பிடிப்பதும், இரண்டாம் வகையினரில் அவ்வாறு பிடிக்காததும் அதிகமாயின், அந்நோயில் பரம்பரையின் கை வலிது எனக் கொள்ளலாம்.

இந்த ஆராய்ச்சிக்குக் கொழும்பு மாவட்டமே களமாக அமைந்தது என்பது இப்பகுதி அடியார்களில் பலர் அறியாத செய்தியாக இருக்கலாம். இலங்கை இரட்டையர் பதிவேடு பேராசிரியர் அத்துல சுமதிபாலவின் முயற்சியால் 1997ஆம் ஆண்டளவில் தொடங்கப்பட்டது. பின்னர் 2005ஆம் ஆண்டில் வாக்காளர் இடாப்புத் திருத்தத்துக்காக வீடு வீடாகச் சென்றபோதே கொழும்பு மாவட்டத்தின் இரட்டையர் பற்றியும் கேட்டறியப்பட்டது. அவ்வாறு அறியப்பட்டவர்களிலிருந்து தெரிந்தெடுக்கப்பட்ட ஏறக்குறைய 4,000 இரட்டையர், லண்டன் கிங்ஸ் கல்லூரியின் துணையோடு 2007 வரை நடந்த ஆய்வில் பங்குபற்றினர். நுகேகொடை, வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை ஆகியன யாவும் இம்மாவட்டத்துள் அடங்குவனவே.

அவ்வாய்வின் ஒரு முடிவு சிந்தனைக்குரியது. மனச்சோர்வு என்னும் நோயில், பெண்களிடையே பரம்பரையின் பங்கு பெரிதாகக் காணப்பட்டது. ஆண்களிடையே சூழலின் பங்கே மேலோங்கி நின்றது. ஒரே மாவட்டம், ஒரே நோய், சில வேளை ஒரே குடும்பம். ஆயினும் ஆணுக்கு ஒரு கணக்கு, பெண்ணுக்கு வேறு கணக்கு. “இது பரம்பரை வியாதி”, “இது பரம்பரை வியாதி அல்ல” என்று நோய்களுக்குப் பெயர்ப்பலகை மாட்டுவது எத்துணை பிழையானது என்பது இதிலிருந்து புலனாகும்.

இன்னொரு மயக்கத்தையும் இங்கே நீக்கிக்கொள்ளுதல் நன்று. உயரத்தில் பரம்பரையின் பங்கு மிகப் பெரியது என்று நூல்கள் கூறும். அதனைக் கேட்டவர் சிலர், ஒரு சமூகத்துப் பிள்ளைகள் குள்ளமாக இருந்தால் அது அவர்களுடைய இனத்தின் இயல்பு என முடிவு கட்டிவிடுவர். ஒரே சாக்கில் இருந்த விதைநெல்லை இரண்டு வயல்களில் விதைத்துப் பார்த்தால் உண்மை விளங்கும். நன்றாக நீரும் எருவும் பெற்ற வயலுக்குள் ஒரு பயிருக்கும் அடுத்த பயிருக்கும் உள்ள வேறுபாடு பெரும்பாலும் விதையால் வந்தது. ஆனால் அந்த வயலுக்கும் நீரின்றிக் காய்ந்த அடுத்த வயலுக்கும் உள்ள வேறுபாடு விதையால் வந்ததன்று.

இலங்கையில் 2016இல் நடந்த குடிசன, சுகாதார ஆய்வின்படி, வயதுக்கேற்ற உயரமில்லாத ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் நாடு முழுவதிலும் நூற்றுக்கு ஏறக்குறைய 17 பேர். பெருந்தோட்டப் பகுதிகளில் ஏறக்குறைய 32 பேர். மலையகத் தமிழர் தமிழகத்திலிருந்து வந்தவர்கள். அதே தமிழகத்து ஊர்களில் அவர்களுடைய உறவினர் வழிவந்தோர் இன்றும் வாழ்கின்றனர். லயன் அறையும், தாயின் இரத்தக் குறைவும், போதாத உணவும், அடிக்கடி வரும் வயிற்றோட்டமும் செய்த வேலையை இரத்தத்தின் மீது சுமத்துவது அறியாமை மட்டுமன்று, அநீதியுமாகும்.

பிறப்பும் வாழ்வும் எவ்வளவு நெருக்கமாகப் பின்னிக் கிடக்கின்றன என்பதைக் காட்ட, இந்நாட்டிலேயே உள்ள தலசீமியா நோயைவிடச் சிறந்த உதாரணம் வேறில்லை எனலாம். இது இரத்தத்தின் செந்நிறப் பொருளாகிய ஹீமோகுளோபின் சரிவர உண்டாகாத பரம்பரை நோய். குறையுடைய பரம்பரையலகை ஒரு பெற்றோரிடமிருந்து மட்டும் பெற்றவர் நோயாளி ஆகார். அவர் அதனைக் காவிச் செல்பவர் மாத்திரமே. இருவரிடமிருந்தும் பெற்ற பிள்ளைக்கே கடுமையான நோய் வரும்.

இந்தக் குறை ஏன் இத்தனை தலைமுறையாக அழியாமல் நிலைத்தது? அதற்கு விடை மலேரியாவாகும். இக்குறையைக் காவுபவரை மலேரியா எளிதிற் கொல்வதில்லை என்னும் கருத்தை 1949இல் ஜே.பி.எஸ். ஹோல்டேன் என்னும் அறிஞர் முன்வைத்தார். பிற்கால ஆய்வுகள் அதனை உறுதி செய்தன. 1934, 1935ஆம் ஆண்டுகளில் குருநாகல், கேகாலை முதலிய பகுதிகளில் பரவிய மலேரியா ஏறக்குறைய 80,000 உயிர்களைக் கொண்டுபோனது. அத்தகைய மண்ணில் இந்தக் ‘குறை’ ஒரு காப்பாக இருந்தது. 2016ஆம் ஆண்டு செப்டெம்பரில் இலங்கை மலேரியா அற்ற நாடென உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. காப்புக்குத் தேவை போய்விட்டது. சுமை மட்டும் எஞ்சியுள்ளது. எது குறை, எது நிறை என்பதைப் பரம்பரையலகு தனித்து நின்று தீர்மானிப்பதில்லை. அது வாழ வந்த சூழலும் சேர்ந்தே தீர்மானிக்கின்றது.

இதிலும் வியப்பான ஒன்று உண்டு. தலசீமியாவில் ஹீமோகுளோபின் ‘ஈ’ சேர்ந்த ஒரு வகை இந்நாட்டில் காணப்படுகின்றது. ஒக்ஸ்போர்டைச் சேர்ந்த டேவிட் வெதரோலும், இலங்கை வைத்திய அறிஞர் அனுஜ பிரேமவர்தனவும், அவர்தம் குழுவினரும் இவ்வகை நோயாளர் 109 பேரை நெடுங்காலம் அவதானித்து 2005இல் முடிவுகளை வெளியிட்டனர். ஒரே விதமான பரம்பரைக் குறை இருந்தும் சிலர் சிறு வயது முதல் இரத்தம் ஏற்றியே வாழ வேண்டியிருந்தது. வேறு சிலர் இரத்தம் ஏற்றாமலே வளர்ந்து பெரியவராயினர். வேறு பரம்பரையலகுகளின் துணை, முன்பு மலேரியா தொற்றியமை, இரத்தக் குறைவுக்கு உடம்பு தன்னைப் பழக்கிக்கொண்ட விதம் எனப் பல காரணங்கள் அங்கே தென்பட்டன. நேரடியான பரம்பரை நோயிலேயே கதை இவ்வாறாயின், ஏனைய நோய்களைப் பற்றிக் கூறவும் வேண்டுமோ?

இனி, அடியார் வீடுகளில் இல்லாத வீடே இல்லை என்னும் அளவுக்குப் பெருகியுள்ள நீரிழிவைப் பார்ப்போம். “சீனி வருத்தம் எங்கட குடும்பச் சொத்து” என்று சிரித்துக்கொண்டே சொல்பவர்கள் உண்டு. அதில் ஓரளவு உண்மையும் உண்டு. தாய் தந்தையருக்கு இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்புக் கூடும். தென்னாசிய மக்களுக்கு ஐரோப்பியரைவிடக் குறைந்த வயதிலும் குறைந்த நிறையிலும் இது வருகின்றது. ஆனால் 2005, 2006இல் இலங்கையில் நடத்திய ஆய்வில் வளர்ந்தோரில் நூற்றுக்கு 10 பேரளவில் இந்நோய் காணப்பட்டது. நகர்ப்புறத்தில் 16 பேர், கிராமப்புறத்தில் 9 பேரளவு. 2018, 2019இல் செய்த பிறிதோர் ஆய்வில் அது 23 பேராயிற்று. இரு ஆய்வுகளின் முறைகள் சற்றே வேறுபட்டவை என்பதைக் கழித்துப் பார்த்தாலும் ஏற்றம் பெரிது. பதின்மூன்று ஆண்டுகளில் ஒரு நாட்டின் பரம்பரை மாறுவதில்லை. மாறியது வாழ்வுதான். வயலில் நின்ற பாட்டனாரின் அதே இரத்தம், இன்று வெள்ளவத்தை மாடி வீட்டில் மின்தூக்கியில் ஏறி இறங்குகின்றது. உறங்கும் நேரம் குறைந்தது. வெண்சோறும் பாணும் சீனித் தேநீரும் கூடின.

இதற்கும் முந்திய சூழல் ஒன்றுண்டு. அது தாயின் கருவறை. புனேயில் டொக்டர் சித்தரஞ்சன் யாஜ்னிக் குழுவினர் 1990களில் தொடங்கிய ஆய்வில், அங்கு பிறந்த குழந்தைகளின் சராசரி நிறை 2.7 கிலோகிராம் ஆகவும், ஒப்பிட்ட இங்கிலாந்துக் குழந்தைகளின் நிறை 3.5 கிலோகிராம் ஆகவும் இருந்தன. மெலிந்து பிறந்த இந்தியக் குழந்தைகளின் தசை குறைந்திருந்தது. கொழுப்பு அந்த அளவுக்குக் குறைந்திருக்கவில்லை. போதாத ஊட்டத்தோடு கருவில் வளர்ந்த பிள்ளை, பிற்காலத்தில் மிகுந்த உணவையும் குறைந்த உழைப்பையும் சந்திக்கும்போது நீரிழிவுக்கு எளிதில் ஆளாகின்றது. ஆனால் இதனைக் கேட்டுத் தாயைக் குறை கூறப் புறப்படுவோர் ஒன்றை நினைக்க வேண்டும். அந்தத் தாய்க்கு வீட்டில் கடைசியாக உணவு பரிமாறியது யார்? நிறைமாதத்திலும் அவளை நீர் சுமக்க விட்டது யார்? கருவறையும் ஒரு சூழல். அந்தச் சூழலை ஆக்குவது குடும்பம் முழுவதுமாகும்.

அவ்வாறாயின் முயற்சியால் பயனுண்டா? உண்டு என்பதற்குச் சென்னையிலிருந்தே சான்று கிடைத்துள்ளது. டொக்டர் அ. இராமச்சந்திரன் குழுவினர், நீரிழிவின் வாசற்படியில் நின்ற 531 பேரைத் தெரிந்து மூன்று ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, 2006ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். வழக்கமான ஆலோசனை மட்டும் பெற்றவர்களில் நூற்றுக்கு 55 பேர் நீரிழிவு நோயாளர் ஆயினர். உணவு முறையை மாற்றி, நாள்தோறும் நடந்தவர்களில் 39 பேரே அவ்வாறாயினர். ஒரே இனம், ஒரே வகையான உடம்பு. முயற்சி பலரைக் காப்பாற்றியது.

இந்த இடத்தில்தான் அறத்தின் வினா எழுகின்றது. காப்பாற்றப்பட்டவர்களைப் பற்றிப் பேசுவது எளிது. அந்த 39 பேரைப் பற்றி என்ன சொல்வது? அவர்களும் நடந்தார்கள்; அவர்களும் நாவைக் கட்டினார்கள். ஆயினும் நோய் வந்தது. தெருவில் அவர்களைக் காண்பவருக்கு அவர்கள் முயன்றதும் தெரியாது, முயலாததும் தெரியாது. தெரிவது நோய் மட்டுமே. “தானே தேடிக்கொண்டது” என்று வாய் திறப்பவர், அந்த 39 பேருள் ஒருவரையே புண்படுத்துபவராக இருக்கலாம். அதேபோல், முயலாமல் நோயுற்றவர் எல்லாரும் சோம்பேறிகளும் அல்லர். புறக்கோட்டைக் கடையில் காலை முதல் இரவு வரை நின்று, கடைச் சாப்பாட்டில் வயிறு நிரப்பி, பலருடன் ஓர் அறையில் உறங்கும் இளைஞனுக்கு நடைப்பயிற்சியும் கீரையும் பற்றிப் போதிப்பது சுலபம். அந்தச் சூழலை அவன் தேர்ந்தெடுக்கவில்லை.

எனவே விதியையும் முயற்சியையும் பயன்படுத்தும் முறை ஒன்று உண்டு. தன்னைப் பற்றி எண்ணும்போது மனிதன் முயற்சியை நினைக்க வேண்டும். பிறரைப் பற்றி எண்ணும்போது அவர் கேளாமலே வந்தவற்றை நினைக்க வேண்டும். உலகியலில் இது பெரும்பாலும் தலைகீழாகவே நடக்கின்றது. தன் நோய்க்கு விதியையும், அடுத்த வீட்டார் நோய்க்கு அவர்தம் நடத்தையையும் காரணம் காட்டுவதே வழக்கமாகிவிட்டது. ஊழ் என்னும் சொல் சோம்பலுக்குச் சாட்டாக வந்ததன்று. பிறர்பால் இரக்கம் கொள்வதற்காக வந்தது எனக் கொள்வதே பொருத்தமாகும்.

இக்கருத்து மிகக் கூர்மையாகச் சோதிக்கப்படும் இடம் கலியாணப் பேச்சாகும். சம்பந்தம் பேசும்போது, ஒரு பெண்ணின் தாய்க்கு மனநோய் இருந்தது என்றோ, அண்ணனுக்கு வலிப்பு என்றோ கேள்விப்பட்ட மாத்திரத்தில் விலகி ஓடுகின்றார்கள். இதனால் குடும்பங்கள் நோயை மறைக்கின்றன. மறைப்பதால் மருந்து எடுக்காமல் விடுகின்றன. மருந்தின்றி நோய் முற்றுகின்றது. பரம்பரை பற்றிய பயமே சூழலைக் கெடுத்து, நோயை வளர்த்துவிடுகின்றது. உண்மையில் பார்த்தால் எந்தக் குடும்பமும் மறைந்த குறையின்றி இல்லை.

இதற்கு மாறாக, பார்க்க வேண்டிய ஒன்றைப் பார்ப்பதும் இல்லை. சாதகத்தில் பொருத்தம் பார்க்கும் வழக்கம் தொடரட்டும். அதனோடு தலசீமியாவுக்கான இரத்தப் பரிசோதனையையும் திருமணத்துக்கு முன் செய்துகொண்டால் தவறென்ன? இருவரும் இக்குறையைக் காவுபவராயின், ஒவ்வொரு கருத்தரிப்பிலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு நோயுள்ள பிள்ளை பிறப்பதற்கு உண்டு. ஒருவர் மட்டும் காவுபவராயின் அந்நோய் பிள்ளைக்கு வராது. மச்சான் மச்சாள் உறவில் திருமணம் செய்வோரின் பிள்ளைகளிற் பெரும்பாலானோர் நலமாகவே பிறப்பர். ஆயினும் ஒரே பாட்டன் பாட்டி வழியாக வந்த மறைந்த குறை இருவரிடமும் இருக்க வாய்ப்புக் கூடுதல். ஆதலால் அவர்களுக்கு இச்சோதனை மேலும் அவசியமாகும்.

சைப்பிரஸ் தீவில் தலசீமியா மிகுந்திருந்தது. அங்கே திருமணத்துக்கு முன் இருவரும் சோதனை செய்துகொண்டனர் என்னும் சான்றிதழைத் திருச்சபையே 1980களில் கேட்கத் தொடங்கியது. முடிவு என்ன என்று திருச்சபை கேட்பதில்லை, திருமணத்தைத் தடுப்பதுமில்லை. அறிந்த பின் என்ன செய்வது என்பதை அந்த இருவரும் தீர்மானிப்பர். அறிவிக்கும் கடமை சமூகத்துக்கு, தீர்மானிக்கும் உரிமை தம்பதியருக்கு. இந்த எல்லையைப் பேணினால், சோதனை எவரையும் ஒதுக்கும் கருவியாகாது. காவுபவர் நோயாளி அல்லர் என்பதையும், அவரை ஒதுக்குவது பாவம் என்பதையும் சேர்த்தே சொல்லிக்கொடுக்க வேண்டும்.

சூழல் தனி மனிதனின் சொத்தன்று. ஊருக்கும் வீதிக்கும் கோயிலுக்கும் அதில் பங்குண்டு. அன்னதானத்தில் வெண்சோற்றோடு பருப்பும் கீரையும் பயறும் சற்றே கூடினால், நூற்றுக்கணக்கானோரின் ஒரு வேளை உணவு மாறுகின்றது. சர்க்கரைப் பொங்கலையும் பஞ்சாமிர்தத்தையும் சிறிதளவு பெற்றாலும் அது பிரசாதமே. அளவு கூடுவதால் அருள் கூடுவதில்லை. உள்வீதி வெளிவீதி சுற்றி வலம் வரும் வழக்கம் உடம்புக்கும் நல்லதே. கர்ப்பிணித் தாய்மாருக்கு முதற் பந்தியில் இடம் கொடுப்பது பிறக்கப்போகும் ஒரு தலைமுறைக்கே செய்யும் தொண்டாகும். நோயுற்று வீட்டோடு இருப்பவரைக் குறை கூறாமல் சென்று பார்ப்பதும் அவருடைய சூழலைத் திருத்துவதே.

பிறப்பால் வந்ததை எவரும் கேட்டு வாங்கவில்லை. அதனை ஏற்று, வாழ்வால் ஆக்கக்கூடியதை ஒருவருக்கொருவர் ஆக்கிக் கொடுப்பதே மனிதர் கையில் உள்ளது. தன் பங்குக்கு முயலும் ஊக்கத்தையும், பிறர் நோய் கண்டு இரங்கும் நெஞ்சத்தையும் எல்லாம் வல்ல இறைவன் அடியார் அனைவர்க்கும் அருள்வானாக.